ரெண்டு பிரேக் கார்

கீழ்க்கட்டளை,
4 மே 2025

அன்புள்ள ரோஸிக்கு,

புஷ்பலதா எழுதுகிறேன். உறையில் என் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரைக்கும் படித்துவிட்டாய் என்றால், மீதியையும் படித்துவிடு. நாம் பேசி ஒரு வருஷம் ஆகிறது. போன் பண்ணலாம் என்று எத்தனையோ தடவை கையில் எடுத்தேன். ஆனால் போனில் நாம் பேசினால் எப்படிப் போகும் என்று உனக்கும் தெரியும். முதலில் உடம்பு எப்படி என்று கேட்போம், அப்புறம் அரசியல் வரும், அப்புறம் யாராவது ஒருத்தி கட் பண்ணிவிடுவோம். கடிதத்தில் அந்த வம்பே இல்லை. நான் முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது. ஹாஸ்டலில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இப்படி ஒரு வசதி கிடைத்ததே இல்லை.

உன் புவனேஸ்வர் விலாசத்தை அபிகாயிலிடம் வாங்கினேன். உன் மகளைத் திட்டாதே. "அம்மாவும் உங்களை நெனச்சுக்கிட்டுதான் இருக்காங்க ஆன்ட்டி, ஆனா சொல்ல மாட்டாங்க" என்றாள். இதையும் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மெட்ரோ வேலைக்காக நம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பள்ளம் மேட்டில்தான் என் டிரைவிங் ஸ்கூல் பெண்கள் கார் பழகுகிறார்கள். இதில் பழகினவள் இமயமலையில்கூட ஓட்டுவாள். ஸ்கூலுக்குப் புதுக் கார் வாங்கிவிட்டேன். பழைய வெள்ளைக் காருக்கு ஓய்வு. L போர்டையெல்லாம் எடுத்தாச்சு. சொல்லிக்கொடுக்கிறவள் உட்காருகிற இடதுபக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? மெக்கானிக் குணா அதைக் காட்டி, "யக்கா, இது இன்னாத்துக்கு இன்னும்? கழட்டிடவா?" என்றான். ரோஸியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "யாரு, நர்ஸம்மாவா? நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கிறதே இல்லியே" என்றான். நம் சண்டை மெக்கானிக் ஷெட் வரைக்கும் போயிருக்கிறது, பார்த்துக்கொள்.

உன்னை எதற்குக் கேட்க வேண்டும் என்றால், அந்தக் காரில்தான் நாம் கோஹிமா போகப்போகிறோம்.

தாம்பரம் ஹாஸ்டல் மாடி ஜன்னலில் நின்று ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற லாரிகளைப் பார்ப்போமே. எந்த லாரியைப் பார்த்தாலும் NL என்று போட்டிருக்கும். "நாகாலாந்துல ஆளுக்கொரு லாரி வச்சிருக்காங்கடி" என்று நீ அடித்துச் சொன்னாய். ஒருநாள் நாமே வண்டி ஓட்டிக்கொண்டு அங்கே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று பேசி வைத்தோம். இப்போது உனக்கும் ஐம்பது, எனக்கும் ஐம்பது. இன்னும் எப்போது?

இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வருஷம் அங்கே நகராட்சித் தேர்தலில் முதல்முறையாகப் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கி நடத்தினார்கள். பல வருஷமாக ஊர்ப் பெரியவர்கள் கூடாது கூடாது என்று தடுத்தது, கடைசியில் நடந்துவிட்டது. அந்தப் பெண்களில் ஒருத்தியையாவது பார்த்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வர வேண்டும் எனக்கு. உடனே மூஞ்சியைத் தூக்காதே. நீ சர்ச்சுக்குப் போ, நான் நகராட்சிக்குப் போகிறேன்.

ஜூன் நடுவில் கிளம்பலாமா? இங்கிருந்து கடலோரமாகவே ஓட்டிவந்து உன்னை ஏற்றிக்கொள்கிறேன். அப்புறம் கொல்கத்தா, சிலிகுரி, கவுஹாத்தி, கோஹிமா. லீவு கேள். பதில் போடு. திட்டியாவது போடு.

உன்,
புஷ்பா


புவனேஸ்வர்,
16 மே 2025

புஷ்பா,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை. போடாமல் மேலே எழுதவும் வரவில்லை. சரி, அன்புள்ள புஷ்பா.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் டூட்டி ரூமில் வைத்துப் படித்தேன். லாரி விஷயத்தில் சிரித்துவிட்டேன், அதைத் தனியாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வருஷம் ஏன் பேசவில்லை என்பதை மட்டும் நீ சாமர்த்தியமாகத் தாண்டிப் போய்விட்டாய். நான் தாண்ட மாட்டேன்.

போன வருஷம் ஏப்ரலில், காய்ச்சலோடு, ரிசர்வேஷன்கூட கிடைக்காமல் ரயிலேறி ஊருக்கு வந்தேன். எதற்கு? ஓட்டுப் போட. நீ பத்து நாளாகப் போனில் உயிரை வாங்கினாய், "ஒரு ஓட்டுதானேன்னு நெனைக்காத ரோஸி, அங்க கலெக்டருக்கும் ஒரு ஓட்டுதான், கக்கூஸ் கழுவறவளுக்கும் ஒரு ஓட்டுதான், அந்த ஒரு எடத்துலதான் எல்லாரும் ஒண்ணு" என்று. நம்பி வந்தேன். பொழிச்சலூரில் நான் படித்த அதே பள்ளிக்கூடத்தில் வெயிலில் வரிசையில் நின்றேன். அங்கே இருந்த தம்பி பட்டியலில் விரலை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு, "உங்க பேர் இல்லியேம்மா" என்றான். நான் வீடு மாறிப் போய்விட்டதால் எடுத்திருப்பார்கள். என் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய்? "மொதல்லயே பாத்துருக்கக் கூடாதா? ஆன்லைன்ல ஒரு நிமிஷ வேலைடி" என்றாய். நீ சொன்னது சரிதான். உன்னிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான், நீ சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கும். பொழிச்சலூரிலிருந்து கீழ்க்கட்டளை எவ்வளவு தூரம்? "அடிப்பாவி, காய்ச்சலோடவா வந்த, வா ஒரு டீ குடிச்சுட்டுப் போ" என்று சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேன். சொல்லவில்லை. அன்று ராத்திரியே ரயிலேறிவிட்டேன்.

இனி எனக்கு இந்த அரசியல், நம்பிக்கை, மாற்றம் எதுவும் வேண்டாம். எல்லாரும் சமம் என்று பேசுகிற இடத்திலேயே என் பேர் இல்லை. முடிந்தது கதை.

ஆனால் கோஹிமா வேண்டும். அதை உனக்காக விட்டுக்கொடுக்க முடியாது. ஜூன் பதினைந்திலிருந்து மூன்று வாரம் லீவு கேட்டிருக்கிறேன். அந்த மாசத்தில் அங்கே மழை கொட்டும், புத்தியுள்ளவள் எவளும் போக மாட்டாள். எனக்கு அப்போதுதான் தருவார்கள், என்ன செய்ய. என் சார்பில் இரண்டு கண்டிஷன். காரில் அரசியல் பேசக் கூடாது. இடதுபக்கப் பிரேக்கைக் கழற்றக் கூடாது. நீ லாரியை முந்துகிற அழகு எனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் மிதிக்க எனக்கும் ஏதாவது வேண்டும்.

தைலம், வாந்தி மாத்திரை, ஓ.ஆர்.எஸ். எல்லாம் நான் எடுத்துக்கொள்கிறேன். நீ கருவாடு எடுத்து வா, உன் தங்கச்சி கங்கம்மா கையால் போட்டது.

ரோஸி


கீழ்க்கட்டளை,
5 ஜூன் 2025

அன்புள்ள ரோஸிக்கு,

நீ திட்டப்போகிறாய். திட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படி. இந்தக் கடிதத்துக்கு அந்த ஒரு சலுகை கொடு.

கோவளத்துக்குத் தெற்கே நான் பிறந்த குப்பத்துக்கு நீ வந்திருக்கிறாய், என் தங்கச்சி கங்கம்மா வீட்டில் வஞ்சிர வறுவல் தின்றிருக்கிறாய். அவள் வீட்டுக்காரர் மாணிக்கவேல் போய் நாலு வருஷம் ஆகிறது. அவளுக்கு இருப்பது ஒரே பெண், ஜீவிதா. படகை விற்றுவிட்டு, இப்போது ஏலத்தில் மீன் எடுத்து ரோட்டோரம் உட்கார்ந்து விற்கிறாள். வெயிலில் மீனும் வாடுகிறது, அவளும் வாடுகிறாள்.

இப்போது ஊரில் பணம் போட்டு ரோட்டோரமாக மீன் விற்கக் கூரை போட்டிருக்கிறார்கள். நல்ல கூரை, தண்ணீர்க் குழாய், சிமெண்டுத் தரை. யாருக்கு எந்த இடம் என்று ஆடித் திருவிழாவுக்கு முன்னால் நடக்கிற ஊர்க் கூட்டத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அங்கேதான் சிக்கல். ஊரில் யார் தலைக்கட்டோ அவர்களுக்குத்தான் இடம். தலைக்கட்டு என்றால் அம்மன் திருவிழாவுக்கு வரி கொடுக்கிற குடும்பம். வரி கொடுப்பது ஆம்பிளை. புருஷன் போய்விட்டால், கல்யாணமான மகன் இருந்தால் அவன் கொடுப்பான். மகனும் இல்லை என்றால் அந்த வீட்டில் வரி வாங்க மாட்டார்கள். வரி இல்லை என்றால் ஊரில் பேர் இல்லை. கூழ் ஊற்றுவார்கள், சேலை கொடுப்பார்கள், பாவம் என்பார்கள். இடம் மட்டும் கிடையாது.

கங்கம்மா வரியை எடுத்துக்கொண்டு எங்கள் பெரியப்பா மகன் சுகுமார் அண்ணனிடம் போனாள். வரி வாங்கும் பொறுப்பு அவருடையது. மனிதர் கையையே நீட்டவில்லை. "தாலி அறுத்துகினு ஒக்காந்துகினு கீற, உங்கிட்ட போயி துட்டு வாங்கனா அம்மன் என்னெ சும்மா வுடுமா? போம்மா, போயி புள்ளைக்கு எதுனா வாங்கிக் குடு" என்றாராம். கெட்டவர் இல்லை ரோஸி. அவர் மனசில் அது இரக்கம். அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டுதான் அவள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் என்னிடம் வந்து அழவில்லை. "நான் இன்னா ஊர்ல இல்லியாக்கா? வரிகூட குடுக்க வுடமாட்றாங்க" என்று மட்டும் கேட்டாள். உலகத்தில் வரி வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறவளை நீ பார்த்திருக்கிறாயா?

கூட்டம் ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் நான் பேசிப் பார்க்க வேண்டும். அன்றைக்கு நான் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். பயணத்தை ஜூலைக்குத் தள்ளிப்போட முடியுமா? காரில் அரசியல் பேசக் கூடாது என்றாய். இது அரசியல் இல்லை, என் தங்கச்சி.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டே,
புஷ்பா


புவனேஸ்வர்,
12 ஜூன் 2025

புஷ்பலதா,

லீவுக்காக மேட்ரனிடம் கெஞ்சினேன். இரண்டு பெண்களின் நைட் டூட்டியை என் தலையில் போட்டுக்கொண்டு லீவு வாங்கினேன். இரண்டு ஸ்வெட்டர் வாங்கினேன், ஒன்று உனக்கு. நீ பேக்கிங் செய்திருப்பாய் என்று நினைத்தேன். தள்ளிப்போட முடியுமா என்கிறாய். முடியாது. ஜூலையில் எனக்கு லீவு கிடையாது.

உனக்கு எப்போதும் ஏதாவது ஒரு நம்பிக்கை வந்துவிடும். குடிதண்ணீர்ப் போராட்டம், ஏரிப் போராட்டம், தேர்தல். என் கல்யாணத்துக்குக்கூட மறியலில் கைதாகி, மாலை போட்ட பிறகுதான் வந்தாய். உன் நம்பிக்கை எல்லாவற்றுக்கும் நான்தான் வெளியே உட்கார்ந்து காத்திருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. கார் உனக்கு எதற்கு? விற்றுவிடு.

கங்கம்மாவுக்கு மட்டும் ஒன்று சொல். யாராவது பெரியவர்கள் மனசு மாறிக் கூப்பிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். பேர் இல்லை என்று சொன்னால், நான் செய்த மாதிரி "சரிப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டாம். பேர் இல்லாமல் போனதுகூட எனக்கு இன்றைக்கு வலிக்கவில்லை. அந்தத் தம்பியிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல், என்னவோ தப்புச் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வந்தேன் பார், அதுதான் ராத்திரியில் எழுப்புகிறது. அவளை அங்கேயே நிற்கச் சொல். அவள் பேரை அவளே சொல்லட்டும்.

இது அவளுக்கு. உனக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

ரோஸி


கீழ்க்கட்டளை,
18 ஜூன் 2025

ரோஸி,

நீ எழுதினதைக் கங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். "அந்த கடைசி பக்கத்த இன்னொரு தபா படி" என்றாள். படித்தேன்.

காரை விற்கவில்லை.

புஷ்பா


கீழ்க்கட்டளை,
1 ஜூலை 2025

அன்புள்ள ரோஸிக்கு,

நீ பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. இதை உனக்குச் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

முதலில் நான் செய்த முட்டாள்தனம். கூட்டத்துக்கு முந்தின வாரம் சுகுமார் அண்ணன் வீட்டுக்குப் போய் சட்டமாகப் பேசினேன். சம உரிமை, அரசியல் சாசனம், ஆண் பெண் பேதம் என்று நமக்குத்தான் வாய் நிற்காதே. மனிதர் வெலவெலத்துப் போய், "யம்மா, பேஜார் பண்ணாத, குடு வாங்கிக்கிறேன்" என்று வரியை வாங்கிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வழியிலேயே லட்டு வாங்கிப் போய்க் கங்கம்மா வாயில் திணித்து, "முடிஞ்சுது, நீ தலைக்கட்டு" என்றேன். அவள், "வாங்கிக்கினாரா, இன்னா சொல்லி எழுதனாரு?" என்று கேட்டாள். கிறுக்கச்சி, ஜெயித்த பிறகும் கேள்வியா என்று திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம். ஆம்பிளைகள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வலைக்கூடத்துக்குப் பின்னால் நின்று கேட்கலாம், அவ்வளவுதான் வழக்கம். நாட்டார், அதுதான் எங்கள் ஊர்ப் பெரியவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுகுமார் அண்ணன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட, கூப்பிட்டவர் ஆஜர் சொல்கிற மாதிரி "கீறேன்" என்று எழுந்து போய் இடத்துக்குச் சீட்டு வாங்கினார். அப்புறம் அவர் ஒரு பேரைக் கூப்பிட்டார்.

"மாணிக்கவேல்."

ரோஸி, அது செத்துப்போன மனிதனின் பேர். ஊருக்கும் தப்பு வரக் கூடாது, எனக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று, அண்ணன் கங்கம்மா கொடுத்த வரியை அவள் புருஷன் பேரில் எழுதி வைத்திருந்தார். தன் கணக்கில் ரொம்ப நல்லது செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் எங்கள் பக்கம் பார்த்து, யாராவது குரல் கொடுங்கள் என்று கண்ணைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த சட்டம் எல்லாம் ஒரு செத்த மனிதனைத் தலைக்கட்டு ஆக்கத்தான் உதவியிருக்கிறது என்று புரிந்து உடம்பு கூசிப்போய்விட்டது. சரி, எப்படியோ இடம் கிடைத்தால் போதும், பேரில் என்ன இருக்கிறது என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

கங்கம்மா வலைக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். கையில் இன்னும் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆம்பிளைகளுக்கு நடுவில் போய் நின்றாள்.

"அண்ணா, அவரு வரமாட்டாரு. துட்டு குடுத்தது நானு. என் பேரச் சொல்லிக் கூப்புடு."

"பொம்பள பேர கூப்புட்டு பழக்கமில்லியேம்மா" என்றார் நாட்டார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சங்கடப்பட்டார்.

"பழக்கமில்லனா இன்னா நாட்டாரே, வாய் வலிக்குமா? நாளைக்கு அவரு வந்து குந்திகினு மீன் விப்பாரா? நான்தான விக்கணும்?"

சிரித்தார்கள். இந்தத் தடவை அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். ஆனாலும் ஒருத்தர், "ஒனக்கு எடம்தான வோணும், வாங்கிகினு போயேன், பேருக்கு இன்னா இப்போ" என்றார். பலபேர் தலையாட்டினார்கள். நானாக இருந்தால் அங்கேயே வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

"அப்பிடி ஒருத்தி சரிப்பான்னு வந்துட்டா. இன்னிக்கு வரிக்கும் தூங்காம கீறா" என்றாள் கங்கம்மா. யாருக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்க கூப்புடற வரிக்கும் நான் இங்கியேதான் நிப்பேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. மீனெல்லாம் வித்தாச்சி."

நின்றாள். சாமான்யமாக நின்றாள், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. நாட்டார் தரையைப் பார்த்தார், சுகுமார் அண்ணனைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். கடைசியில், "கூப்புட்றா, ஆத்தா பேருலதான திருவிழாவே எடுக்கறோம்" என்றார்.

அண்ணன், "கங்கம்மா" என்றார், வாய்க்குள்ளேயே.

"கேக்கல."

"கங்கம்மா!"

"கீறேன்."

அவ்வளவுதான் ரோஸி. யாரும் கைதட்டவில்லை. வலைக்கூடத்துக்குப் பின்னாலிருந்து அஞ்சம்மாள், அவளும் புருஷன் இல்லாதவள்தான், "அப்பிடியே என் பேரும் எழுதிக்கோ" என்று கத்தினாள். அதை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கங்கம்மாவுக்குக் கிடைத்த இடம் கடைசியில், சாக்கடையை ஒட்டி. நான் மூஞ்சியைச் சுளித்தேன். "நெழலு நெழல்தான்" என்றாள். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து பல மாசத்துக்கப்புறம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

நான் இத்தனை வருஷம் நம்பிக்கை என்று கத்திக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை என்றால் யாராவது நல்லவர்கள் வந்து மாற்றிவிடுவார்கள் என்பது. அவள் யாரையும் நம்பவில்லை. நகராமல் நின்றாள், அவ்வளவுதான். அதை அவளுக்குச் சொன்னது நான் இல்லை, நீ. நம்பிக்கை முடிந்துபோன நீ.

இப்போது ஒரு வேடிக்கை. தலைக்கட்டு ஆகிவிட்டதால் அவளுக்கு முறை வந்துவிட்டது. ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் காய்ச்சுகிற முறை அவள் வீட்டுக்கு. ஊரை விட்டு அசையக் கூடாது. "ஆடி முடிஞ்சதும் நானும் உங்ககூட வரேன். அங்கெல்லாம் இன்னா மீன் விப்பாங்க, பாக்கணும்" என்கிறாள். ஆக பயணம் இன்னும் தள்ளிப் போகிறது. நீ காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் டீத்தூள் நிறைய இருக்கிறது ரோஸி. அன்றைக்கும் இருந்தது.

உன்,
புஷ்பா


புவனேஸ்வர்,
12 ஜூலை 2025

அன்புள்ள புஷ்பா,

இந்தத் தடவை அன்புள்ள என்று யோசிக்காமல் போட்டிருக்கிறேன், கவனித்துக்கொள்.

உன் கடிதத்தை அபிகாயில் சத்தமாகப் படிக்க, நான் கேட்டேன். "கேக்கல" என்ற இடத்தில் இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். தூங்காமல் இருக்கிறவள் என்று கங்கம்மா ஊர் முன்னால் என்னை இழுத்துவிட்ட இடத்தில் அவள் படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் மூஞ்சி கழுவிக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையிலேயே உருப்படாமல் போன ஒரு நாள், யாரோ ஒருத்திக்கு அரைச்சாண் நிழலாகப் போயிருக்கிறது. எனக்கு இது போதும் புஷ்பா. உன் டீயைக்கூட மன்னித்துவிட்டேன், ஆனால் வந்து குடிக்காமல் விட மாட்டேன்.

இன்னொரு விஷயம். ஜூனில் நாம் கிளம்பியிருந்தால் அஸ்ஸாம் வெள்ளத்தில் காரோடு மிதந்திருப்போம். அபிகாயில் செய்தியில் காட்டினாள், ரோடே இல்லை. இதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. உன் முகத்தில் வரும் அந்த "சரியாகச் சொன்னேன் பார்த்தாயா" சிரிப்பை என்னால் தாங்க முடியாது.

நவம்பரில் லீவு கொடுத்துவிட்டார்கள். மேட்ரன், "போன முறை ஏன் போகவில்லை?" என்று கேட்டாள். என் தோழியின் தங்கைக்கு வரி கட்ட வேண்டியிருந்தது என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

நீ புவனேஸ்வரில் வந்து என்னை ஏற்ற வேண்டாம். நானே ரயிலேறி வருகிறேன். பயணம் நாம் லாரி பார்த்த ரோட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தாம்பரத்தில் இறங்கி நேரே உன் வீட்டுக்கு டீ குடிக்க வருவேன். பிறகு மூன்று பேருமாகக் கிளம்புவோம். கங்கம்மாவுக்கும் ஒரு ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன், நீலம். கருவாட்டை மட்டும் நன்றாகக் கட்டி டிக்கியில் வைக்கச் சொல், கோஹிமா போய்ச் சேருகிற வரைக்கும் நான் அந்த வாசனையோடு குடித்தனம் நடத்த முடியாது. போகிற வழியில் தங்குகிற லாட்ஜில் கணவர் பேர் என்ன என்று எவனாவது கேட்டால் கங்கம்மாவையே பதில் சொல்லச் சொல்லலாம்.

அரசியல் பேசக் கூடாது என்று போட்ட கண்டிஷனை எடுத்துவிட்டேன். எப்படியும் நீ பேசத்தான் போகிறாய்.

போன திங்கட்கிழமை டூட்டி முடிந்து, இங்கேயே வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே இருந்தவர், "ஆகும், போய் வாருங்கள்" என்கிற மாதிரி ஒடியாவில் ஏதோ சொன்னார். முன்பு என்றால் "சரி" என்று வந்திருப்பேன். எப்போது ஆகும், யாரிடம் கேட்க வேண்டும், உங்கள் பேர் என்ன என்று மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் நகர்ந்தேன். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். உன் நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது என்று குதிக்காதே. எனக்கு இன்னும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. என் பேர் வேண்டும், அவ்வளவுதான்.

குணாவிடம் சொல், அந்த இடதுபக்கப் பிரேக்கைக் கழற்றிவிடட்டும். நீ ஓட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டித் தூங்க வேண்டும்.

உன்,
ரோஸி